பல் செட், கேப் செய்யும் தொழில்: பிளஸ் டூ முடிச்ச தம்பிக்கு வழி சொல்லுங்க

பெருந்துறைக்காரன்
வணக்கமுங்க. தம்பி பிளஸ் டூ பயாலஜி குரூப் முடிச்சிருக்கான். பிடிஎஸ் சேர நீட் மார்க் பத்தாது. ஆனா கைவேலை நெம்ப நல்லா வரும், சோப்புக்கட்டி கெடச்சாலும் உக்காந்து செதுக்கிட்டிருப்பான். பல் செட், கேப் (பல்லு மேல மாட்டற உறை) செய்யற லேப்புக்குப் போறேங்கறான். வீட்ல யாருக்கும் இதப் பத்தித் தெரியாதுங்க. என்ன படிக்கணும், உள்ள என்ன வேலை இருக்கும், பின்னாடி அவனே ஆளுகளுக்குப் பல்லு கட்டி விடலாமா? வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மெழுகுக்கத்தி
கடைசிக் கேள்விக்கு முதல்ல பதில்: கட்டி விடக் கூடாதுங்க. 1948-ம் வருச பல் மருத்துவர் சட்டத்துல டென்டல் மெக்கானிக்னா பல் செட்டும் வாய்க்குள்ள வைக்கற சாதனங்களும் செய்யறவர், பழுது பார்க்கறவர். அவ்வளவுதான். வாயில அளவெடுக்கறது, மாட்டிப் பார்க்கறது, கடி சரி பண்ணறது எல்லாம் டாக்டர் வேலை. கனடா, ஆஸ்திரேலியா மாதிரி நாடுகள்ல இதுக்குன்னே தனியாப் படிச்சு உரிமம் வாங்கினவங்க நேரடியா நோயாளிக்குப் பல் செட் வைக்கலாம். நம்ம நாட்டுல அந்த வழி கிடையாது. சந்தையோரம் உக்காந்து ரெடிமேட் பல்லை பவுடர், லிக்விட் ஊத்தி வாயிலேயே இறுக வச்சு ஒட்டி விடறாங்களே, அதை உங்க தம்பி தொழில்னு நெனச்சுக்க வேண்டாம். அந்த லிக்விட் இறுகும்போது சூடாகும், ஈறு வெந்து போகும். பக்கத்துப் பல்லுக்கு அடியில அழுக்கு சேர்ந்து நல்ல பல்லும் ஆடிப்போகும்.

படிப்பு: இயற்பியல், வேதியியல், உயிரியல் எடுத்துப் பிளஸ் டூ முடிச்சவங்களுக்கு ரெண்டு வருச டென்டல் மெக்கானிக் டிப்ளமோ. முடிச்சதும் மாநில பல் மருத்துவக் கவுன்சில்ல பதிவு பண்ணணும். படிக்காம லேப்புல எடுபிடியாச் சேர்ந்து கத்துக்கிட்டவங்கதான் இந்தத் தொழில்ல நெறையப் பேர், கைத்திறமைக்கு ஒரு கொறையும் இல்ல. ஆனா அரசு வேலை, கல்லூரி லேப், வெளிநாடு எங்க போனாலும் சான்றிதழும் பதிவும்தான் கேப்பாங்க. தம்பிக்கு வயசு இருக்கு, படிக்க வச்சிருங்க.

புராஸ்தோ_கோபி
மேலே சொன்னது சரி. ஒன்று சேர்க்கிறேன். பணம் கட்டுவதற்கு முன் அந்த டிப்ளமோவுக்கு அங்கீகாரம் உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். "டென்டல் டெக்னீசியன் சர்டிபிகேட்" என்று ஆறு மாதம் நடத்தும் இடங்கள் இருக்கின்றன. அதை வைத்துக் கவுன்சிலில் பதிய முடியாது. 2023-ல் அந்த 1948 சட்டத்துக்குப் பதிலாகத் தேசிய பல் மருத்துவ ஆணையச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியிருக்கிறது. அதனால் பழைய விளம்பரத் தாளை நம்பாமல், இந்த ஆண்டு நிலவரத்தை மாநிலக் கவுன்சில் அலுவலகத்திலேயே கேளுங்கள். திருச்செங்கோடு, குமாரபாளையம், ஈரோடு, சூலூர், சேலம் என்று நம் பக்கம் பல் மருத்துவக் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. மெக்கானிக் படிப்பு எங்கே நடக்கிறது, எத்தனை இடம் என்பதை மட்டும் நேரில் விசாரியுங்கள்.

நோயாளிக்குத் தானே பொருத்த வேண்டும் என்ற ஆசை தம்பிக்கு உண்மையிலேயே இருந்தால் பாதை வேறு. பிடிஎஸ் நான்கு ஆண்டு, பயிற்சி ஓராண்டு, அதன் மேல் புராஸ்தோடான்டிக்ஸ் (செயற்கைப் பல் பொருத்தும் துறை) எம்டிஎஸ் மூன்று ஆண்டு. இரண்டும் நீட் வழிதான்.

மெழுகுக்கத்தி
லேப்புல என்ன வேலைன்னு கேட்டீங்க. முழுப் பல் செட் ஒண்ணு எப்படிப் பொறக்குதுன்னு சொன்னாப் புரியும்.

டாக்டர் முதல் அளவு (வாயில எடுத்த அச்சு) அனுப்புவார். அதுல பிளாஸ்டர் ஊத்தி மாதிரி எடுத்து, அது மேல தனி டிரே செய்யணும். ஓரம் ஈறு மடிப்புல இருந்து 2 மி.மீ. குட்டையா நிக்கணும், டாக்டர் கிரீன் ஸ்டிக் (சூட்டுல இளகற அச்சுக் குச்சி) சுத்தி ஓரம் எடுக்க எடம் வேணும். கோல்டு கியூர் (சூடு இல்லாமத் தானா இறுகற பிளாஸ்டிக்) டிரேயை செஞ்ச உடனே அனுப்பாதீங்க, ஒரு ராத்திரி விட்டாத்தான் சுருங்கறது நிக்கும். ரெண்டாவது அளவு வந்ததும் ஓரத்துக்கு மெழுகு வேலி கட்டி டென்டல் ஸ்டோன் ஊத்தணும். கண்ணளவுல தண்ணி ஊத்தற பழக்கம் வேண்டாம். பிளாஸ்டர் 100 கிராமுக்கு 50 மில்லி, ஸ்டோனுக்கு 28-ல இருந்து 30, டை ஸ்டோனுக்கு (கேப்புக்கு ஒத்தைப் பல்லு மாதிரி, அதாவது டை ஊத்தறது) 22-ல இருந்து 24. தண்ணி கூடினா மாதிரி மெத்துன்னு வரும், செதுக்கும்போதே ஓரம் உதிரும்.

அடுத்தது மெழுகு ரிம், பல்லு வர்ற எடத்துல நிக்கற மெழுகு வரப்பு. மேல் ரிம் முன்பக்கம் மடிப்புல இருந்து 22 மி.மீ., கீழ 18 மி.மீ. டாக்டர் அதை வாயில வச்சுக் கடியளவு எடுத்து அனுப்புவார், ஆர்ட்டிகுலேட்டர்ல (தாடை மாதிரி அசையற கருவி) ஏத்திப் பல் அடுக்கணும். கைத்திறமை தெரியறது இங்கதான். மேல் நடுப்பல்லு ரெண்டும் தளத்தைத் தொடணும், பக்கத்துப்பல்லு அரை மி.மீ. ஏறி நிக்கணும், கோரைப்பல்லு நுனி மறுபடி தளத்தைத் தொடணும், அதோட கழுத்து கொஞ்சம் வெளிய தெரியணும். கீழ் கடவாய்ப்பல்லு ஈறு மேட்டுக்கு நேர் மேல. வெளிய தள்ளி அடுக்கினா பாட்டியம்மா ஒரு பக்கமா மெல்லும்போது செட் மறுபக்கம் எந்திரிக்கும். வாயில மாட்டிப் பார்த்து டாக்டர் சரின்னதும் ஃபிளாஸ்க் (ரெண்டு பாதியாப் பிரியற உலோக அச்சுப்பெட்டி) போட்டு, மெழுகை உருக்கி, அக்ரிலிக் (பவுடர், லிக்விட் கலந்த பிளாஸ்டிக் மாவு) அடைச்சு, வேகவச்சு, ராவி, பாலிஷ் பண்ணணும்.

திருச்செங்கோடு_மாணவி
அண்ணா, ஒரு சந்தேகம். கியூர் பண்ணி எடுக்கற செட்டுல கீழ்ப் பல்வரிசைக்கு அடியில, தடிமனா இருக்கற எடத்துல மட்டும் சின்னச் சின்னக் குமிழி வருது. அண்ணம் பக்கம் சுத்தமா இருக்கு. பவுடர் மாத்திப் பார்த்தாச்சு, சரியாகல. ஏன்?

மெழுகுக்கத்தி
பவுடர் மேல தப்பு இல்ல கண்ணு, சூடு வேகமா ஏறுது. மோனமர், அதாவது லிக்விட், 100.8 டிகிரியில கொதிக்கும். இறுகும்போது அக்ரிலிக்கே உள்ளுக்குள்ள சூடு விடும். மெலிசான எடத்துல அந்தச் சூடு பிளாஸ்டருக்குப் போயிரும். தடிமன்ல போக வழியில்லாம உள்ள இருக்கற மோனமர் கொதிச்சுக் குமிழியா நின்னுரும். 74 டிகிரியில ஒண்ணரை மணி நேரம் வச்சு, அப்பறம் 100-ல ஒரு மணி நேரம். அவசரம் இல்லைன்னா 74-லயே எட்டு மணி நேரம். கொதிக்கற தண்ணில நேரா ஃபிளாஸ்க்கைப் போடறது கூடவே கூடாது. அக்ரிலைசரோட (ஃபிளாஸ்க்கை வேகவைக்கற தண்ணித்தொட்டி) தெர்மோஸ்டாட் காட்டற அளவை நம்பாம தனியா ஒரு தெர்மாமீட்டர் விட்டுப் பாருங்க.

குமிழி எங்க இருக்குன்னு பார்த்தாலே காரணம் பிடிபடும். செட் பூராப் பரவலா இருந்தா மாவு பத்தல, இல்ல அழுத்தம் பத்தல. வெள்ளை வெள்ளையாப் பொரியாட்டம் தெரிஞ்சா லிக்விட் கொறைச்சல், அல்லது ஜாடியை மூடாம வச்சு ஆவியாயிருச்சு. பவுடர் மூணு பங்கு, லிக்விட் ஒரு பங்கு, அளவு ஜாடியில. ஜாடிச் சுவர்ல ஒட்டாம விடுபட்டு வர்ற பதத்துல அடைக்கணும். நூல் நூலா இழுக்கும்போது அடைச்சா அழுத்தம் ஏறாது, ரப்பராட்டம் ஆனதுக்கப்பறம் அடைச்சா ஃபிளாஸ்க் மூடாது.

திருச்செங்கோடு_மாணவி
நன்றி அண்ணா. ரப்பர் பதத்துல மூடினா என்ன ஆகும்? எங்க பேட்ச்ல சிலது கடி உயரமா வருதுன்னு திருப்பி அனுப்பறாங்க.

புராஸ்தோ_கோபி
அதுதான் காரணம். ஃபிளாஸ்கின் இரு பாதிகளும் உலோகத்தோடு உலோகம் சேராமல் இடையில் அக்ரிலிக் விளிம்பு நின்றுவிட்டால், அந்தத் தடிமன் அப்படியே கடியில் ஏறிவிடும். பாலித்தீன் தாள் வைத்து ஒத்திகை அழுத்தம் கொடுத்து, பிதுங்கியதை வெட்டி, மீண்டும் அழுத்த வேண்டும். விளிம்பு வருவது நிற்கும்வரை இதைச் செய்யுங்கள். அப்புறம்தான் தாளை எடுத்துவிட்டுக் கடைசி முறை மூட வேண்டும். மூடியதும் குறைந்தது அரைமணி நேரம் மேசையிலேயே விடுங்கள். வெந்த பிறகு குழாய்த் தண்ணீரில் வைத்துக் குளிரவைத்தால் செட் முறுக்கிக்கொள்ளும். தானாக ஆறட்டும். ஃபிளாஸ்கைப் பிரித்தவுடன் மாதிரியிலிருந்து செட்டைப் பெயர்க்காமல் அப்படியே ஆர்ட்டிகுலேட்டரில் ஏற்றிக் கடியைத் திருத்தினால், நோயாளி வாயில் நாங்கள் அரைக்க வேண்டியது பாதியாகக் குறையும். பல லேப்புகள் நேரமில்லை என்று இந்த ஒரு படியை விட்டுவிடுகின்றன.

முடிந்த செட்டை ஒரு நாளாவது தண்ணீரில் ஊறவைத்து அனுப்புங்கள். மிச்ச மோனமர் வெளியேறும், ஈறு எரிச்சல் வராது.

அவினாசி_ரோடு
குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். இதெல்லாம் இன்னும் எத்தனை நாளைக்குங்க? கோயமுத்தூர்ல டாக்டர்கள் ஸ்கேனர் வாங்கிட்டிருக்காங்க. ஃபைல் வருது, சாஃப்ட்வேர்ல டிசைன், மில்லிங் மெசின்ல வெட்டற ஜிர்கோனியா (வெள்ளைப் பீங்கான்) கேப். தம்பியை நேரா கேட் கேம் டிசைனுக்கு அனுப்புங்க. சிஎன்சி தெரிஞ்ச ஊரு இது, மெசின் நின்னா ஸ்பிண்டில் பார்க்கக் கூட இங்கயே ஆள் இருக்கு. பம்பு வார்ப்புல சுருக்கத்துக்கு எச்சா விடற மாதிரித்தான் ஜிர்கோனியாவும்: சுண்ணாம்புக்கட்டி பதத்துல இருபது, இருபத்தஞ்சு சதம் பெரிசா வெட்டி, உலையில 1,450-ல இருந்து 1,550 டிகிரி வரைக்கும் சுட்டு, சரியான அளவுக்குச் சுருக்கறது. அளவுக் கணக்கைச் சாஃப்ட்வேர் பார்த்துக்கும்.

மெழுகுக்கத்தி
கணக்கைச் சாஃப்ட்வேர் பார்த்துக்கும், சரிதான். பல்லு எப்படி இருக்கணும்னு அது பார்த்துக்காதுங்க. லைப்ரரியில இருந்து ஆறாம் பல்லை (முதல் கடவாய்ப்பல்லு) எடுத்து வச்சா அது யாரோ ஒருத்தர் பல்லு. எதிர்ப்பல்லு தேய்ஞ்சிருக்கு, பக்கத்துப்பல்லு சாய்ஞ்சிருக்கு. தாடையைப் பக்கவாட்டுல அசைக்கும்போது எந்த மேடு இடிக்கும்னு மெழுகுல கட்டிப் பழகினவனுக்குத்தான் திரையிலயும் தெரியும். ரெண்டு வருசம் பிளாஸ்டரும் மெழுகும் கையில பட்டதுக்கப்பறம் டிசைனுக்கு வர்ற பையன் மூணு மாசத்துல முந்திருவான். சாஃப்ட்வேர் மட்டும் கத்துட்டு வந்தவன் கிட்ட, "கான்டாக்ட் (பக்கத்துப் பல்லைத் தொடற எடம்) ஏன் திறந்து வந்துச்சு?"ன்னு கேட்டா மெசினைக் காட்டுவான்.

அவினாசி_ரோடு
அடிப்படை வேணுங்கறதை ஒத்துக்கறேன். ஆனா மெசின் பக்கமும் கைப்பழக்கம்தான், பட்டனை அழுத்தற வேலை இல்ல. எங்கெங்க தப்பும்னு எழுதறேன், தம்பிக்கு உதவும்.

98 மி.மீ. வட்டத்தகடு ஒவ்வொண்ணுக்கும் சுருக்க எண் லேபிள்லயே இருக்கும். பழைய தகட்டோட எண்ணை அப்படியே விட்டுட்டா அந்தத் தகட்டுல வெட்டின அத்தனை கேப்பும் ஒண்ணு லூசு, இல்ல ஏறவே ஏறாது. கலர் திரவத்துல முக்கினதை விளக்குக்கடியில நல்லாக் காய வைக்காம உலையில வச்சா வெடிப்பு விடும். நாலு, அஞ்சு பல்லுக்கு மேல நீளமான பிரிட்ஜ்னா (சேர்ந்தாப்புல ஒட்டின பல்வரிசை) தாங்குகட்டையோட சேர்த்து வெட்டி, மெதுவாச் சூடேத்தி, மெதுவா ஆற விடணும். அவசரச் சுழற்சி போட்டா வளைஞ்சு வரும். கடவாய்ப் பக்கம் மூணு பல்லு பிரிட்ஜுக்கு இணைப்பு 9 சதுர மி.மீ. கிட்ட இருக்கணும், பிடிமானம் இல்லைன்னா அங்கதான் உடையும். சுட்டதுக்கப்பறம் அரைக்கறதைக் கொறைச்சுக்கணும். அரைச்சே ஆகணும்னா நைஸ் வைரக்கல்லு, தண்ணியோட. காஞ்ச கல்லு வச்சா அந்தச் சூட்டுலயே கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்து ஆறு மாசம் கழிச்சு வாயில பிளக்கும்.

கரண்டு கட்டைக் கணக்குல வைங்க. ஒரு சுழற்சி எட்டு மணி நேரம் ஓடும். இன்வெர்ட்டர் இல்லாம உலை வாங்கறது வீண்.

நொய்யல்கரை
தாராபுரம், வெள்ளகோவில், காங்கேயம் பக்கத்து டாக்டர்கள் இதைப் படிச்சா ஒரு வேண்டுகோள். ஆல்ஜினேட் (தண்ணியில கலக்கற அச்சுப் பவுடர்) அளவை ஈரத்துணி சுத்தி பஸ்ல போட்டு விடாதீங்க. தாராபுரத்துல இருந்து கோயமுத்தூர் வர ரெண்டு மணி நேரத்துக்குக் கொறையாது. வெயில்ல அது சுருங்கும், துணி நெம்ப ஈரமா இருந்தா தண்ணி குடிச்சு ஊதும். ரெண்டுமே கேடு. பத்து, பதினஞ்சு நிமிசத்துக்குள்ள கிளினிக்லயே ஸ்டோன் ஊத்தி, மாதிரியாக் குடுத்து விடுங்க. கேப், பிரிட்ஜ்னா அடிஷன் சிலிகான்ல (ரப்பர் மாதிரி அச்சுப் பொருள்) எடுங்க, அது ஒரு வாரம் கூட அளவு மாறாது. லேடக்ஸ் கையுறை போட்டு அதோட புட்டி (கெட்டி மாவு) பிசையக் கூடாது. அதுல இருக்கற கந்தகம் பட்டா ஓரம் இறுகாமப் பிசுபிசுன்னு நிக்கும்.

லேப்புல புதுசாச் சேர்ற பையன் இதைக் கத்துக்க வேணும். வந்த அளவைக் கழுவிக் கிருமிநாசினி அடிச்சதும் வெளிச்சத்துல திருப்பிப் பார்க்கணும். பல் விளிம்புக் கோடு அறுபட்டிருக்கா, குமிழி இருக்கா, டிரே தெரியுதா? கோளாறு இருந்தா அப்பவே டாக்டருக்குப் போட்டோ அனுப்பித் திரும்பக் கேக்கணும். "நம்ம டை மேல கோடு போட்டுச் சமாளிச்சுக்கலாம்"னு செய்யறதுதான் கேப் திரும்பி வர்றதுக்கு மொதக் காரணம்.

பெருந்துறைக்காரன்
இவ்வளவு இருக்குன்னு தெரியாதுங்க. தண்ணி வெவரம் ஒண்ணு. எங்க பக்கம் போர்த்தண்ணி உப்பு. அது பிளாஸ்டருக்குச் சேருமா?

நொய்யல்கரை
சேராதுங்க. உப்பு கலந்த தண்ணி பிளாஸ்டரைச் சீக்கிரம் இறுக வைக்கும், கொட்டறதுக்குள்ள கெட்டியாகும். ஆல்ஜினேட்டும் கடினத்தண்ணியில வேகமாப் பிடிச்சுக்கும். டாக்டர் டிரேயை வாய்க்குள்ள வைக்கறதுக்கு முன்னாடியே இறுக ஆரம்பிச்சா மொத்த அளவும் இழுபட்டு வரும். சிறுவாணித் தண்ணி வர்ற எடத்துல இந்தத் தொல்லை கம்மி. பெருந்துறை, அவினாசி, திருப்பூர்ப் பக்கம் கலக்கறதுக்கு ஆர்ஓ தண்ணி தனியா வச்சுக்கணும். அக்ரிலைசர் காயில்ல உப்பு படிஞ்சா சூடு சீரா ஏறாது, அதையும் சுரண்டிக்கிட்டே இருக்கணும்.

புராஸ்தோ_கோபி
தண்ணீர் பேச்சு வந்ததால் நம் பகுதிக்கே உரிய ஒன்றைச் சொல்கிறேன். சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஃபுளோரைடு மிகுந்த நிலத்தடி நீரால் பல்லில் சுண்ணாம்பு வெள்ளைத் திட்டும் பழுப்புக் கறையும் நிறையப் பேருக்கு உண்டு. அப்படிப்பட்டவருக்கு முன்பல் ஒன்றுக்கு மட்டும் கேப் போடும்போது ஏ2, ஏ3 என்று நிற எண் மட்டும் எழுதி அனுப்பினால் போதாது. ஷேடு கைடில் இருக்கும் பதினாறு நிறத்தில் எதுவும் ஒட்டாது. பல்லைச் செதுக்குவதற்கு முன்பே நிறம் எடுக்க வேண்டும். வாய் திறந்து பல் காய்ந்துவிட்டால் அது வெளுத்துக் காட்டும். ஷேடு துண்டை அதே சட்டகத்தில் பிடித்துப் பகல் வெளிச்சத்தில் புகைப்படம் எடுங்கள். வெள்ளைத் திட்டு எங்கே, பழுப்பு எங்கே என்று பல்லின் படம் வரைந்து அனுப்புங்கள். லேப்பில் அதைப் பார்த்து ஸ்டெயின் தீட்டத் தெரிந்த செராமிஸ்டை (பீங்கான் பல் செய்பவரை) எந்த மருத்துவரும் விடமாட்டார். தம்பிக்குச் செதுக்கும் கையோடு நிறம் பார்க்கும் கண்ணும் இருந்தால், நான் அவரைச் செராமிக் பக்கம் போகச் சொல்வேன்.

மெழுகுக்கத்தி
செராமிக்குக்கு அடியில உலோகம் இருக்கறதை மறந்துராதீங்க. மெட்டல் செராமிக் கேப்புக்கு இன்னும் வேலை வருது. மெழுகு தொப்பி 0.3 மி.மீ.க்குக் கீழ போனா வார்ப்பு முழுசா ஓடாது. கேப் இறுக்கமா வந்தா இன்வெஸ்ட்மென்ட் (உலோகம் வார்க்கற அச்சு மாவு) கலக்கும்போது சிலிக்கா திரவத்தைக் கூட்டணும், தண்ணியைக் கொறைக்கணும். அப்பத்தான் அச்சு நல்லா விரியும். பீங்கானுக்கு உலோகத் தாங்கல் இல்லாம 2 மி.மீ.க்கு மேல தொங்கினா அந்த மூலை கண்டிப்பாச் சில்லு பேரும். பல்லு வடிவத்தை முழுசா மெழுகுல கட்டி, அப்பறம் பீங்கானுக்கு வேண்டிய அளவு வெட்டி எடுத்தா இந்தத் தப்பு வராது.

பவானி_அக்கா
யாருமே உடம்பைப் பத்திச் சொல்லலையே. தம்பியைப் பெத்தவங்க படிக்கறாங்க, அதனால எழுதறேன்.

இன்வெஸ்ட்மென்ட் பவுடர்ல சிலிக்கா. நிக்கல் குரோம் உலோகத்தை அரைச்சா நிக்கல் தூசி, சில மட்ட ரகத்துல பெரிலியமும் இருக்கும். பல் லேப் ஆட்களுக்கு வர்ற நுரையீரல் தூசி நோய்க்கு மருத்துவத்துல தனிப் பேரே இருக்கு. துணி மாஸ்க் இதுக்கு உதவாது, என்95 வேணும். ஒவ்வொரு மேசையிலயும் தூசி உறிஞ்சற குழாய் இருக்கணும். உலோகப் பெட்டி மேல பெரிலியம் இல்லைன்னு போட்டிருக்கான்னு பார்த்து வாங்கணும். மோனமரை வெறுங்கையில தொட்டுத் தொட்டு விரல் நுனி வெடிச்சு, பின்னாடி அந்த வாடையே ஆகாமப் போனவங்க உண்டு. மெல்லிசு கையுறையை மோனமர் கடந்து போயிரும், அதனால கரண்டியால கலக்கி, பாலித்தீன் தாள் வச்சுப் பிடிக்கறதே நல்லது. மோனமர் சீசா பக்கத்துல பர்னர் கூடாது, சட்டுனு தீப்பிடிக்கும். பாலிஷ் வீல்ல தலைமுடி, சட்டைக் கை, துப்பட்டா எதுவும் தொங்கக் கூடாது.

லேப்பைப் பார்க்கப் போகும்போது சன்னலோரத் தட்டை விரலால தடவிப் பாருங்க. வெள்ளையா ஒட்டினா வேற லேப் தேடுங்க.

பெருந்துறைக்காரன்
ரொம்ப நன்றிங்க அக்கா, எல்லாருக்கும். அட்மிசன் வரைக்கும் ரெண்டு மாசம் இருக்கு. இப்ப வீட்ல உக்காந்து அவன் என்ன பழகலாம்? என்ன வாங்கிக் குடுக்கட்டும்?

மெழுகுக்கத்தி
நெம்ப வாங்க வேண்டாமுங்க. ஒரு மெழுகுக் கத்தி, ஒரு லெக்ரான் கார்வர் (மெழுகு செதுக்கற சின்ன உளி), ஸ்பிரிட் விளக்கு, 0.1 மி.மீ. அளக்கற வெர்னியர், மாடலிங் வேக்ஸ் ஒரு பெட்டி. மைக்ரோமோட்டார் இப்ப வேண்டாம்.

பிளாஸ்டர்ல 30 மி.மீ. சதுரம், 75 மி.மீ. உயரம்னு கட்டை ஊத்தி வச்சுக்கச் சொல்லுங்க. அதுல நெசப் பல்லு அளவுக்கு மூணு மடங்கு பெரிசா மேல் நடுப்பல்லு செதுக்கட்டும். மேல் நடுப்பல்லு கிரீடம் உயரம் ஏறத்தாழ 10.5 மி.மீ., அகலம் 8.5 மி.மீ. இதை மூணால பெருக்கி நாலு பக்கமும் கோடு போட்டு, முதல்ல முன்பக்க வெளிக்கோடு, அப்பறம் பக்கவாட்டு வெளிக்கோடு, கடைசியாத்தான் மூலைகளை உருட்டணும். உள்நடு மூலை கூர்மையா, வெளிமூலை உருண்டையா வரணும். அது பிடிபட்டா வலது பல்லா இடது பல்லான்னு பார்த்த உடனே சொல்லிருவான். அடுத்து கோரைப்பல்லு, அதுக்கப்பறம் மேல் முதல் கடவாய்ப்பல்லு. கடவாய்ப்பல்லுக்கு நாலு மேடு, அதுல உள்பக்க முன்மேடு பெரிசு, அங்க இருந்து சாய்வா ஒரு வரப்பு ஓடும். அதைச் சரியாக் கொண்டு வந்துட்டான்னா போட்டோ எடுத்து இங்க போடுங்க, பார்த்துத் திருத்திச் சொல்றோம்.

புராஸ்தோ_கோபி
கட்டையை ஈரமாக இருக்கும்போதே செதுக்கச் சொல்லுங்கள், காய்ந்தால் தூள் பறக்கும். மாஸ்க் இப்போதிருந்தே போடட்டும்.

லேப்பில் சேரும் நாளில் கேட்க வேண்டியது ஒன்று: பிளாஸ்டர் அறையில் எத்தனை மாதம், அதன்பின் எந்தப் பிரிவு என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். பெரிய லேப்புகளில் பிளாஸ்டர், மெழுகு, உலோகம், செராமிக், டிசைன் எல்லாம் தனித்தனி மேசை. மாற்றிவிடச் சொல்லிக் கேட்காவிட்டால், நன்றாக ஊற்றுகிற பையனை அங்கேயே வைத்துவிடுவார்கள். திரும்பி வரும் வேலைக்குச் சம்பளத்தில் பிடிப்பார்களா, அந்தத் தவறு லேப்பினுடையதா கிளினிக்கினுடையதா என்று யார் முடிவு செய்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். நல்ல லேப் ஒவ்வொரு வேலைக்கும் வந்த அளவின் புகைப்படத்தையும் ஊற்றிய மாதிரியையும் எடுத்து வைத்திருக்கும்.

பெருந்துறைக்காரன்
சரிங்க டாக்டர். ஞாயித்துக்கிழமை பிளாஸ்டர் வாங்கியாந்துர்றேன். மொதக் கட்டை செதுக்கினதும் போட்டோ போடறேனுங்க.